ஜூன் 30 அந்தியில் வெட்டு, ஜூலை 1 எஃப்ஐஆர்: கொலை முயற்சி வழக்கு எந்தச் சட்டத்தில் நடக்கும்?

கேள்வி இதுதான். நம்பியூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடத்தில் தகராறு. 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். கேட்பவரின் பெரியப்பா மகனைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கொடுவாளால் வெட்டிவிட்டார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒரு வெட்டு. தடுத்த இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கோபி அரசு மருத்துவமனையில் முதலுதவி, அங்கிருந்து பெருந்துறை. ஏட்டு வந்து வாக்குமூலம் வாங்கியது மறுநாள் காலையில், எஃப்ஐஆர் பதிவானது ஜூலை 1இல். அதில் பிஎன்எஸ் 109, அதாவது புதிய தண்டனைச் சட்டத்தின் கொலை முயற்சிப் பிரிவு என்று போட்டிருக்கிறார்கள். "சம்பவத்தன்னைக்கு அந்தச் சட்டமே வரலீங்க, இந்தக் கேஸ் நிக்காதுங்க" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அது உண்மையா? ஊர்ப் பெரியவர்கள் ராஜி பேசுகிறார்கள், வழக்கைத் திரும்ப வாங்க முடியுமா?

பிரிவு எண் தப்பு என்று அவர் சொல்வது சரி. அதனால் கேஸ் நிற்காது என்பது வெறும் மிரட்டல்.

மூன்று புதிய சட்டங்களும் 2023 டிசம்பர் 25 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றன, நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) போய் பாரதிய நியாய சன்ஹிதா, 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம். கோர்ட்டில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ என்றுதான் ஓடுகிறது. ஒரு சட்டம் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிந்த நொடியிலிருந்து அது அமலாகிறது என்று 1897ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம் சொல்கிறது. ஆகவே ஜூன் 30 ராத்திரி 12 மணி வரை நடந்ததெல்லாம் ஐபிசி கணக்கு.

குற்றம் என்ன, தண்டனை என்ன என்பதைச் செயல் நடந்த நாள்தான் முடிவு செய்யும். எஃப்ஐஆர் போட்ட நாளோ, கைதான நாளோ, குற்றப்பத்திரிகை போன நாளோ அல்ல. இதற்கு அடிப்படை அரசியல் சாசனத்தின் 20(1)ஆவது பிரிவு: செயல் நடந்தபோது அமலில் இருந்த சட்டத்தை மீறியதற்காக மட்டுமே ஒருவரைத் தண்டிக்கலாம், அப்போது விதிக்க முடிந்ததைவிடக் கூடுதல் தண்டனை கொடுக்க முடியாது. பழைய சட்டம் ரத்தானாலும் அதன் கீழ் நடந்த குற்றத்துக்கான தண்டனையும் விசாரணையும் ரத்தாகாது என்று பிஎன்எஸ் 358ஆவது பிரிவும் சொல்லிவிட்டது. ஆக உங்கள் அண்ணன் வழக்கில் குற்றம் கொலை முயற்சிக்கான ஐபிசி 307. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், அந்த வெட்டினால் ஜூலை 10ஆம் தேதி உயிர் போயிருந்தாலும் கணக்கு மாறாது. வெட்டு ஜூன் 30இல் முடிந்துவிட்டது, அதனால் 307 என்பது கொலைக்கான ஐபிசி 302 ஆகுமே தவிர பிஎன்எஸ் 103 ஆகாது.

ஆனால் நடைமுறை வேறு. எப்படி விசாரிப்பது, எப்படி ஜாமீன் கேட்பது, எத்தனை நாளில் குற்றப்பத்திரிகை போடுவது என்பதெல்லாம் நடைமுறைச் சட்டத்தின் வேலை. ஜூலை 1க்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணையும் வழக்கும் மேல்முறையீடும் பழைய சிஆர்பிசியிலேயே முடிய வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 531 சொல்கிறது. உங்கள் வழக்கில் ஜூன் 30 அன்று நிலுவையில் எதுவும் இல்லை. மருத்துவமனையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன தகவல் மட்டும்தான். எஃப்ஐஆர் பிறந்தது ஜூலை 1இல். எனவே குற்றம் பழைய சட்டத்தில், நடைமுறை புதிய சட்டத்தில். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024லேயே இப்படித்தான் தெளிவுபடுத்தியது. எஃப்ஐஆர் இப்படி இருந்திருக்க வேண்டும்: ஐபிசி 307, பதிவு பிஎன்எஸ்எஸ் 173இன் கீழ்.

அப்படியானால் 109 என்று போட்டது? அந்த வாரம் எல்லா ஸ்டேஷனிலும் புது எண்களுக்கான பட்டியலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிவு செய்யும் நாளைப் பார்த்துப் பிரிவு போட்டிருப்பார்கள், சம்பவ நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள். இதைச் சரிசெய்ய விசாரணை அதிகாரி ஒரு பிரிவு மாற்ற அறிக்கை கோர்ட்டுக்கு அனுப்பினால் போதும். அவர் அனுப்பாவிட்டாலும் குற்றச்சாட்டு வனையும்போது நீதிபதி சரிசெய்வார். தீர்ப்பு சொல்லும் முன் எந்தக் கட்டத்திலும் குற்றச்சாட்டை மாற்ற பிஎன்எஸ்எஸ் 239 இடம் தருகிறது. பிரிவைத் தப்பாக எழுதியதால் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) ஏமாந்து, அதனால் நீதி பிறழ்ந்தது என்று காட்டினால்தான் அந்தத் தப்புக்கு மதிப்பு என்று 238 சொல்கிறது. இங்கே இரண்டு பிரிவிலும் குற்றத்தின் வர்ணனை ஒன்றே, தண்டனையும் ஒன்றே. யார் ஏமாந்தார்கள்? நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அரசு வழக்கறிஞரைப் பார்த்து இந்தத் தேதி விஷயத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இப்போதே சரியானால் அப்பீலில் ஒரு வாதம் குறையும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, இது உங்களைக் குழப்பும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூட 302, 307, 420 தெரியும். அவை இப்போது 103, 109, 318(4). பிஎன்எஸ்ஸிலும் 307 என்று ஒன்று உண்டு, அது ஆளைக் கொல்லவோ காயப்படுத்தவோ தயாராகப் போய்த் திருடுவது. பழைய ஐபிசி 109 குற்றத்துக்குத் தூண்டியதற்கான தண்டனை. சிஆர்பிசி 109 சந்தேகக் கேஸ், "நூத்தி ஒம்பதுல புடிச்சாங்க" என்றால் ராத்திரியில் பஸ் ஸ்டாண்டில் சுற்றியவன் என்று அர்த்தம். வக்கீல்களுக்கே பெரிய தலைவலி 482தான். நாற்பது வருடப் பழக்கத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யும் மனு. இப்போது பிஎன்எஸ்எஸ் 482 முன்ஜாமீன், ரத்து மனு 528க்குப் போய்விட்டது. உங்கள் வக்கீல் "482 போடறனுங்க" என்றால் எதைச் சொல்கிறார் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருவோம். ஐபிசி 307 ஆனாலும் பிஎன்எஸ் 109 ஆனாலும் கோர்ட் கேட்கும் கேள்வி ஒன்று: அந்தச் செயலால் உயிர் போயிருந்தால் அது கொலையாகி இருக்குமா? ஆகியிருக்கும் என்றால் 10 வருடம் வரை சிறை, அபராதம். காயமும் பட்டிருந்தால் ஆயுள் வரை போகலாம். குறைந்தபட்சத் தண்டனை என்று எதுவும் இல்லை. காயம் பட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறி தவறிய துப்பாக்கிச் சூடும் கொலை முயற்சிதான். உயிர்போகக்கூடிய காயம் பட்டிருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1983இல் பல்ராம் பாமா பாட்டீல் வழக்கில் சொன்னது, 2019இல் கன்ஹா வழக்கில் மறுபடி சொன்னது. எண்ணமும் அதை ஒட்டிய செயலும் இருந்தால் போதும்.

சட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒருவன் விஷம் வாங்கிச் சோற்றில் கலந்து தன்னிடமே வைத்திருக்கிறான், இது இன்னும் 307 ஆகவில்லை. அதை மற்றவன் இலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாலோ, வைக்கச் சொல்லி வேலையாளிடம் கொடுத்துவிட்டாலோ ஆகிவிட்டது, அவன் சாப்பிடாவிட்டாலும். இன்னொரு பழைய வழக்கு பஞ்சாபில் நடந்தது, ஓம் பிரகாஷ் வழக்கு, 1961. மனைவியை வீட்டில் அடைத்துப் பட்டினி போட்டே கொல்லப் பார்த்தார் கணவர். அந்தப் பெண் தப்பித்து மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்தார். கடைசிச் செயல் முடிய வேண்டியதில்லை, கொல்லும் எண்ணத்தோடு ஆரம்பித்த நடத்தை போதும் என்றது உச்ச நீதிமன்றம். இப்படி நாள்கணக்கில் நீளும் குற்றம் ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையிலும் நடந்தால்தான் இரண்டு சட்டமும் ஒரே வழக்கில் வரும். ஒரே வெட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எண்ணத்தை யார் நெஞ்சைப் பிளந்து பார்ப்பது? கோர்ட் பார்ப்பது ஆயுதம், வெட்டு விழுந்த இடம், எத்தனை முறை ஓங்கினான், எதனால் நிறுத்தினான். எஃப்ஐஆரில் "உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன்டா என்று கூறி" என்ற வரி இருக்கும். எல்லா எஃப்ஐஆரிலும் இருக்கும். நிஜத்தில் அந்த ஆள் "இன்னைக்கு உன்ற கதைய முடிச்சர்றன்" என்று கத்தியிருப்பார், எழுதுபவர் அதை ஸ்டேஷன் தமிழுக்கு மாற்றியிருப்பார். நீதிபதிகளுக்கு இது தெரியும். அந்த வரியை நம்பி வழக்கு நிற்பதில்லை. கழுத்துக்கு அருகில் விழுந்த வெட்டும், அதைத் தடுத்ததால் போன விரலும்தான் உங்கள் வழக்கின் பலம். அடுத்த வெட்டு விழாமல் யார் ஓடி வந்து தடுத்தார்கள் என்று ஒரு சாட்சி சொன்னால் இன்னும் பலம். எதிர்த்தரப்பு எப்படி வாதாடும் என்றும் சொல்லிவிடுகிறேன்: தடத்தில் வாய்த்தகராறு, திடீரென்று கைகலப்பு, கையில் மட்டை வெட்டப் போன கொடுவாள் இருந்தது, திட்டம் எதுவும் இல்லை. இதைக் கோர்ட் ஏற்றால் 307 இறங்கி 308 ஆகும் (பிஎன்எஸ்ஸில் 110), காயம் பட்டிருந்தாலும் 7 வருடம்தான் உச்சம். அல்லது ஆயுதத்தால் கொடுங்காயம் என்று 326க்கு இறங்கும். பெரிய குற்றத்துக்கு வனைந்த குற்றச்சாட்டில் சிறிய குற்றத்துக்குத் தண்டிக்க இரண்டு நடைமுறைச் சட்டத்திலும் இடமுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இந்த வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான் இருக்கிறது. கோபி மருத்துவமனையில் முதலில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், நாம் ஏஆர் காப்பி என்போமே, அதை வாங்கிப் படித்தீர்களா? ரத்தம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தவர் சொன்னதை டூட்டி டாக்டர் இரண்டே வரியில் எழுதியிருப்பார்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த 2 நபர்கள் கொடுவாளால் தாக்கியதாக. மறுநாள் எஃப்ஐஆரில் அதே 2 பேர் 5 பேராகி இருப்பார்கள். வெட்டியவரின் தம்பி, மச்சான், காலேஜுக்குப் போகும் பையன் எல்லோரும் உள்ளே வந்திருப்பார்கள். நம் பக்கம் இது ஒரு வியாதி, குடும்பத்தையே சேர்த்துவிட்டால்தான் மனசு ஆறும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுக்கும் காகிதம் அந்த ஏஆர் காப்பிதான். "டாக்டரிடம் இரண்டு பேர் என்று சொன்னீர்கள், இந்த மூன்று பேர் எப்போது வந்தார்கள்?" பதில் இருக்காது. அந்த மூன்று பேரோடு சேர்ந்து, நிஜமாக வெட்டியவரும் சந்தேகத்தின் பலனோடு வெளியே போவார். உங்கள் எஃப்ஐஆரில் அப்படிச் சேர்த்திருந்தால் அரசு வழக்கறிஞரிடம் இப்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

புதிய சட்டத்தில் என்ன மாறியது என்றால், கொலை முயற்சிப் பிரிவில் அதிகமில்லை. ஆயுள் கைதி ஒருவர், கோவை மத்திய சிறைக்குள்ளேயே என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரைக் கொல்ல முயன்று காயப்படுத்தினால் பழைய 307 மரண தண்டனை விதிக்கலாம் என்று மட்டும் சொன்னது. 109(2) அதோடு இயற்கையான ஆயுள் முடியும் வரை சிறை என்பதையும் சேர்த்திருக்கிறது. மாற்றம் பக்கத்து வீடுகளில்தான் பெரிது. கொடுங்காயம் என்பதற்கு 20 நாள் கடும் வலியோ அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ வேண்டும் என்று இருந்தது, இப்போது 15 நாள். 117(3) என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது: கொடுங்காயத்தால் ஒருவருக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 10 வருடக் கடுங்காவல், அதிகபட்சம் சாகும்வரை சிறை.

இங்கேதான் உங்கள் தேதி நிஜமாகவே வெட்டுகிறது. இரண்டு விரல் போய்விட்டதே, 117(3) போடச் சொல்லலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. முடியாது. ஜூன் 30 அன்று அப்படி ஒரு குறைந்தபட்சத் தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. 20(1) நேராகக் குறுக்கே நிற்கும். அதே வெட்டு மறுநாள் அந்தியில் விழுந்திருந்தால் 109ஓடு 117(3)உம் சேர்ந்திருக்கலாம். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. கொல்ல முயன்றவனுக்குக் குறைந்தபட்சம் எதுவும் கிடையாது, கோர்ட் 3 வருடமும் கொடுக்கலாம். கொல்லும் எண்ணமே இல்லாமல் ஊனமாக்கியவனுக்கு 10 வருடத்துக்குக் குறைய முடியாது. சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்தார்களா என்று தெரியவில்லை, எப்படியும் இனி வரும் வெட்டு வழக்குகளில் எதிரியின் வக்கீல்கள் 109ஐவிட 117(3)ஐப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். மறுபக்கமும் உண்டு: புதிய சட்டம் ஒரு குற்றத்துக்கு தண்டனையைக் குறைத்திருந்தால் அந்தச் சலுகையைப் பழைய எதிரிக்கும் கொடுக்கலாம் என்று 1964இல் ரத்தன் லால் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வருகிறது. கொலை முயற்சியில் தண்டனை குறையவில்லை, அதனால் இங்கே அதற்கு வேலை இல்லை.

நடைமுறை பிஎன்எஸ்எஸ் என்பதால் உங்களுக்குச் சில நன்மைகள் உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். சோதனையும் பறிமுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும், அதனால் கொடுவாளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில் பழைய மகஜர் (பறிமுதல் பத்திரம்) சாட்சிச் சண்டை கொஞ்சம் குறையும். 10 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்கில் போலீஸ் கூட்டிவரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 183ஆவது பிரிவு கட்டாயமாக்கி இருக்கிறது. ராஜிப் பேச்சு ஓடும் ஊரில் இது மிக முக்கியம், கீழே சொல்கிறேன். காயம் பட்ட வழக்கு, ஆயுள் வரை தண்டனை என்பதால் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் எதிரிக்குத் தானாக ஜாமீன் கேட்கும் உரிமை வரும். தண்டனைக் காலத்தில் பாதியோ, முதல் முறை என்றால் மூன்றில் ஒரு பங்கோ சிறையில் கழித்திருந்தால் விடச் சொல்லும் 479ஆவது பிரிவு அவருக்குக் கிடைக்காது, ஆயுள் தண்டனை சாத்தியமுள்ள குற்றங்களை அது விலக்கி வைத்திருக்கிறது. அவர் ஜாமீனில் வெளியே வந்து தடத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள். ஜாமீன் விடுதலை அல்ல.

எந்தக் கோர்ட் என்பதிலும் ஒரு மாற்றம். 307 வழக்குகளைப் பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்தில், உதவி அமர்வு நீதிபதி என்ற முறையில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவரால் 10 வருடம் வரைதான் தண்டிக்க முடியும். பிஎன்எஸ்எஸ்ஸில் அந்தப் பதவியே இல்லை. எனவே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பிஆர்சி (பூர்வாங்கப் பதிவு) நம்பர் வாங்கி, கமிட் ஆகி, அதாவது மேல் கோர்ட்டுக்கு ஒப்படைக்கப்பட்டு, அமர்வு நீதிபதியிடமோ கூடுதல் அமர்வு நீதிபதியிடமோ போகும்.

வெட்டு நடந்ததைப் பக்கத்துத் தோட்டத்தில் யாராவது செல்போனில் எடுத்திருந்தால் அந்தப் போனைத் தொலைத்துவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் நகல் போதாது. மின்னணுச் சாட்சியத்துக்கான பழைய 65பி சான்றிதழின் இடத்தில் இப்போது பிஎஸ்ஏ 63இன் சான்றிதழ், இரண்டு பகுதி: ஒன்று போன் வைத்திருப்பவர் கொடுப்பது, இன்னொன்று நிபுணர் கொடுப்பது. கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் எழுத வேண்டும். போனை ஒப்படைக்கும்போதே ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம் ராஜி. கொலை முயற்சி சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் அல்ல. கோர்ட்டில் போய் "நாங்க பேசிக்கிட்டோமுங்க" என்றால் கேஸ் முடியாது. அரசு தரப்பு வழக்கு இது, உங்கள் அண்ணன் அதில் சாட்சி. ஒரே வழி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. அங்கே நரிந்தர் சிங் வழக்கும் (2014) லக்ஷ்மி நாராயண் வழக்கும் (2019) சொன்ன அளவுகோல் இருக்கிறது: பெயருக்கு 307 போட்டிருக்கிறார்களா, இல்லை காயமும் ஆயுதமும் உடம்பில் பட்ட இடமும் உண்மையிலேயே கொலை முயற்சியைக் காட்டுகின்றனவா? முதல் வகை என்றால் ராஜியை ஏற்று ரத்து செய்யலாம், அதிலும் ஆரம்பக் கட்டத்தில் வந்தால் தாராளமாகப் பார்ப்பார்கள். கழுத்தோரம் கொடுவாள் வெட்டு, இரண்டு விரல் துண்டு என்ற உங்கள் வழக்கு இரண்டாவது வகை. ரத்தாவது கஷ்டம்.

பெரியவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் வேறு. "கோர்ட்ல ஏறி ஆளு தெரியலன்னு சொல்லிருப்பா, தடத்த எழுதிக் குடுக்கச் சொல்றம்" என்பார்கள். பிறழ் சாட்சி. தடமும் கிடைக்கும், பங்காளிகளும் சமாதானம், எல்லோருக்கும் நல்லது போலத்தான் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, பல ஊர்களில் அந்தப் பேச்சுதான் அடுத்த வெட்டைத் தடுத்திருக்கிறது. ஆனால் மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம் இருக்கும்போது கூண்டில் ஏறி மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சி நடவடிக்கை உங்கள் அண்ணன் மீதே பாயலாம். தடத்துக்கு வேண்டியது சிவில் கோர்ட்டில் ராஜியாகட்டும், அதை யாரும் தடுக்கவில்லை. உரிமையியல் வழக்கில் தடத்தைப் பெற்றுக்கொண்டு, குற்ற வழக்கில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, தண்டனையில் கொஞ்சம் கருணை காட்டச் சொல்லி நீதிபதியிடம் கேட்கும் வழியும் இருக்கிறது. சமரசத்தைத் தண்டனைக் குறைப்புக்கு ஒரு காரணமாகக் கோர்ட்டுகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. வெட்டுப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், வெட்டியவர் இந்த இரண்டிலும் சேராதவர் என்றால் இதுவரை சொன்னதில் பாதி மாறும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(2)(v) சேரும். 10 வருடமோ மேலோ தண்டனை உள்ள குற்றத்தை, அவர் இன்ன சாதி என்று தெரிந்தே செய்தால் ஆயுள் தண்டனை. முன்ஜாமீன் கிடையாது, சிறப்பு நீதிமன்றம். அந்தச் சட்டத்தில் இந்திய தண்டனைச் சட்டம் என்று இருக்கும் இடத்தை இனி பிஎன்எஸ் என்று படித்துக்கொள்ள வேண்டும், பொது ஷரத்துகள் சட்டத்தின் 8ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், சாதி மறுத்துக் கல்யாணம் செய்த ஒரு தம்பதியைக் கும்பல் வெட்டியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கணவர் இறந்தார், மனைவி தலையில் வெட்டோடு பிழைத்தார். ஒரே கும்பல், ஒரே நிமிடம். இறந்தவர் விஷயத்தில் கொலை, பிழைத்தவர் விஷயத்தில் கொலை முயற்சி. சாதி இருக்கும் வழக்கில் ஊர்ப் பெரியவர்களின் ராஜிப் பேச்சு சமாதானம் அல்ல, அது அழுத்தம். அதை எழுத்தில் போலீஸுக்குத் தெரிவியுங்கள்.

எதிர் வழக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். தடத் தகராறில் அநேகமாக இருக்கும், வெட்டியவரும் கையில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு அதே ராத்திரி வேறு மருத்துவமனையில் படுத்திருப்பார். தற்காப்புக்காக வெட்டினேன் என்பதற்கு அதுதான் அஸ்திவாரம். இரண்டு வழக்கையும் ஒரே அதிகாரி விசாரித்து, ஒரே நீதிபதி அடுத்தடுத்துக் கேட்டுத் தீர்ப்பு சொல்வதுதான் முறை. அவருக்குப் பட்ட காயத்தை உங்கள் தரப்புச் சாட்சிகள் மறைக்கக் கூடாது. மறைத்தால் முழுக் கதையும் சந்தேகமாகும்.

கடைசியாக உங்கள் அண்ணனுக்கு. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகச் சொந்தமாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளக் கோர்ட்டின் அனுமதி கேட்கலாம். விடுதலையாகிவிட்டால் அப்பீல் செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. விரல் போனதற்கு இழப்பீடு கேட்டு, தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல், ஈரோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இப்போதே மனு கொடுக்கலாம். பிஎன்எஸ்எஸ் 396இன் கீழ் வரும். எஃப்ஐஆர் நகல், காயச் சான்று, பெருந்துறை டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்று இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். ஊனச் சான்று இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதற்குப் போங்கள்.